சூட்கேஸில் வந்த பட்டும் கூரியரில் வரப்போகும் பட்டும்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார், இவருக்கு அவரைச் சார்ந்து வரும் எச்-4 விசா. காஞ்சிபுரத்தில் பெரியப்பா வீட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன, பெரியப்பா மகன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறார். நான்கு வருடமாக ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு சேலை கொண்டுவந்து, நவராத்திரி தீபாவளி சமயத்தில் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விற்றிருக்கிறார். போன வருடம் மாமியார் வந்தபோது அவர் பெட்டியிலும் 14 சேலை. கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் இனி முறையாகச் செய்யலாம் என்று யோசனை. 60 பட்டுச் சேலை, 40 தைத்த பட்டு ரவிக்கை, 50 மெல்லிய பட்டு துப்பட்டா, குழந்தைகளுக்கு 25 பட்டுப் பாவாடை சட்டை. எல்லாம் சேர்த்துச் சுமார் ஏழரை லட்சம் ரூபாய்ச் சரக்கு.

அவர் வார்த்தையிலேயே: "அண்ணன் எல்லாவற்றையும் ஒரே கூரியரில் போட்டுவிடலாம் என்கிறார். ஏற்றுமதி செய்து தருகிறவர், ‘கிஃப்ட்னு போட்டு விலையைக் குறைச்சுக் காட்டிடலாம்மா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க’ என்கிறார். எங்களுடையது எல்லாமே அசல் பட்டு, சில்க் மார்க் இருக்கிறது. கச்சாப் பட்டு மட்டும் சில சமயம் சீனாவிலிருந்து வருவது. மருந்தா கொண்டுவருகிறோம், துணிதானே சார், இதில் அப்படி என்ன சட்டம் இருக்கப்போகிறது?"

சகோதரி, அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். துணிக்குத்தான் இங்கே சட்டம் அதிகம். அமெரிக்காவுக்குள் வரும் ஒரு பட்டு உடுப்பை மூன்று அலுவலகங்கள் தனித்தனிக் கண்ணோடு பார்க்கின்றன. கஸ்டம்ஸ், அது எந்த நாட்டில் ஆனது, என்ன விலை, எந்த வகை என்று பார்க்கும். எஃப்டிசி எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம், லேபிளில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்கும். சிபிஎஸ்சி எனப்படும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அது தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக எரியும், குழந்தை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும். இந்த மூவரும் கேள்வி கேட்கப்போவது காஞ்சிபுரத்தில் உள்ள அண்ணனை இல்லை, சரக்கு அனுப்பித் தருகிறவரையும் இல்லை. இறக்குமதியாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும், எனவே கேள்வியும் உங்களிடம்தான் வரும். அவர் "எல்லாரும் பண்றாங்க" என்று சுலபமாகச் சொல்ல முடிவதற்குக் காரணமே, மாட்டினால் மாட்டுவது அவர் இல்லை என்பதுதான்.

சூட்கேஸ் சேலைகள்

வெளிநாடு போய்த் திரும்புகிறவருக்கு 800 டாலர் வரை வரிவிலக்கு உண்டு என்பது சரி. ஆனால் அந்த விலக்கு சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் பரிசாகக் கொடுப்பதற்கும் மட்டும்தான். விற்பதற்காகக் கொண்டுவரும் சேலை முதல் சேலையிலிருந்தே வணிகச் சரக்கு. மாமியார் விஷயம் இன்னும் சிக்கல். அவர் இங்கே வசிப்பவர் இல்லை, பார்க்க வந்தவர். பார்க்க வருகிறவருக்கு அந்த 800 டாலர் விலக்கே கிடையாது, பரிசுப் பொருளுக்கு 100 டாலர்தான். 14 பட்டுச் சேலை எந்தக் கணக்கிலும் அதற்குள் அடங்காது. அவர் அறியாமல் செய்ததுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறிவிக்காமல் கொண்டுவந்த பொருளைப் பறிமுதல் செய்யவும் அதன் மதிப்புக்குச் சமமாக அபராதம் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வயதானவரை அந்த வரிசையில் நிற்க வைக்காதீர்கள். அடுத்த முறை அவர் வரும்போது அவர் கட்டிக்கொள்ளும் சேலைகள் மட்டும் வரட்டும்.

ஏற்கெனவே வந்ததை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கஸ்டம்ஸ் விசாரணை தொடங்குவதற்கு முன்னால் நாமாகவே போய் "இத்தனை பொருளை விற்பனைக்கு என்று சொல்லாமல் கொண்டுவந்தோம், கட்டாத வரி இவ்வளவு" என்று எழுத்தில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. முன்கூட்டிய வெளிப்படுத்தல் என்பார்கள். கவனக்குறைவால் நடந்த தவறு என்றால், சாதாரணமாகக் கட்டாத வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகக்கூடிய அபராதம், இப்படி நாமாகச் சொல்லும்போது பாக்கி வரியும் வட்டியும் கட்டினால் போதும் என்ற அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் விஷயத்தில் வரித்தொகை பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதை நாளைக்கே எழுதி அனுப்பிவிடாதீர்கள். காரணம் உங்கள் விசா. எச்-4 விசாவில், வேலை அனுமதி அட்டை இல்லாமல், நீங்களே படம் போட்டு விலை பேசி விற்றதைக் குடியேற்றத் துறை அனுமதியில்லாத வேலை என்று பார்க்க வாய்ப்பிருக்கிறது. ஒரு அலுவலகத்தில் ஒப்புக்கொள்வது இன்னொரு அலுவலகத்தின் கோப்பில் போய் உட்காரலாம். கணவருக்காக அவர் நிறுவனம் போடும் ஐ-140 எனும் கிரீன் கார்டு மனு அங்கீகாரம் ஆகியிருந்தால் 2015-லிருந்தே எச்-4 மனைவிக்கோ கணவருக்கோ வேலை அனுமதி கேட்க வழி இருக்கிறது, உங்களிடம் அது இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. இருந்தால் பாதிப் பாரம் இறங்கியது. இல்லையென்றால் அது கையில் வரும்வரை ஒரு துப்பட்டாகூட விற்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதையும் நிறுத்துங்கள். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், அப்புறம்தான் கஸ்டம்ஸ் வழக்கறிஞர். இந்த வரிசை மாறக் கூடாது. மீதியை, அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"கிஃப்ட்னு போட்டுடலாம்மா"

வேண்டாம். விற்கிற சரக்கைப் பரிசு என்று எழுதுவதும் 9,000 ரூபாய்ச் சேலையை 1,500 என்று காட்டுவதும் கவனக்குறைவுக் கணக்கில் வராது, தெரிந்தே செய்த பொய் என்ற கணக்கில் வரும். மோசடி என்று நிரூபணமானால் அபராதம் அந்தச் சரக்கின் முழு உள்நாட்டு மதிப்பு வரை போகும். அதோடு, இந்தத் தந்திரத்துக்கு முன்பு இருந்த கொஞ்சநஞ்சக் காரணமும் இப்போது இல்லை. 800 டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்கு வரியே இல்லை என்றிருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29-லிருந்து எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயத்தில் இந்திய அஞ்சல் துறையே அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது, நினைவிருக்கும். இப்போது சிறு பார்சலாகப் பிரித்து அனுப்பினாலும் ஒவ்வொன்றுக்கும் வரி உண்டு. உண்மையான பரிசுக்கு மட்டும் 100 டாலர் வரை விலக்கு இருக்கிறது, அது உங்கள் தங்கை உங்களுக்கு அனுப்பும் தீபாவளிச் சேலைக்கு.

வரி எவ்வளவு என்று ஒரு எண் கேட்டிருக்கிறீர்கள். அடிப்படை வரி பொருளின் வகையைப் பொறுத்தது, பட்டு ரவிக்கைக்கு 6.9 சதவீதம். அதன் மேல் ஏறும் கூடுதல் வரிதான் ஆட்டம் காட்டுகிறது. 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியப் பொருளுக்கு 25 சதவீதம் ஏறியது, அதே மாதம் 27-ஆம் தேதி இன்னொரு 25 ஏறியது. அப்புறமும் நிலைமை ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஆகவே போன வருடம் யாரோ சொன்ன சதவீதத்தை வைத்து விலை போடாதீர்கள். சரக்கு கிளம்பும் வாரத்தில், கஸ்டம்ஸ் தாள்களை நமக்காகத் தாக்கல் செய்யும் புரோக்கரிடம் எழுத்தில் கணக்கு வாங்கி, அதை வைத்து விலை போடுங்கள். அட்வான்ஸ் வாங்குகிறவர்களிடமும் வரி மாறினால் விலை மாறும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

"எல்லாமே அசல் பட்டு"

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்த வரி இதுதான். நீங்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் பெரியப்பா வீட்டுத் தறியில் போலிப் பட்டு ஏறாது என்பதையும் நம்புகிறேன். ஆனாலும் அந்தச் சேலையில் "100% பட்டு" என்று லேபிள் தைத்தால் அது தவறான லேபிள் ஆகிவிடும்.

ஜரிகைதான் காரணம். இங்கே லேபிள் சட்டம் 1960-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உடுப்பில் உள்ள ஒவ்வொரு இழையையும் எடைவாரியாகச் சதவீதம் போட்டு, அதிகத்திலிருந்து குறைவாக எழுத வேண்டும். உலோக இழைக்கும் ‘மெட்டாலிக்’ என்று ஒரு அதிகாரப்பூர்வப் பெயர் உண்டு. முழுக்க உலோகத்தால் ஆனது, பிளாஸ்டிக்மேல் உலோகம் பூசியது, உள்ளே நூல் இருந்து மேலே முழுக்க உலோகம் சுற்றியது எல்லாமே அந்தப் பெயரில் அடங்கும். நம் அசல் ஜரிகை என்ன? பட்டு நூலின் மேல் தட்டிய வெள்ளிக்கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்கம் ஏற்றுவது. ஆக அசல் ஜரிகையும் மெட்டாலிக்தான், பாலியஸ்டர் ஜரிகையும் மெட்டாலிக்தான். அகலமான கோர்வைக் கரையும் நிறைந்த முந்தியும் உள்ள சேலையில் எடையில் பெரிய பங்கு ஜரிகையாகவே இருக்கும். "பட்டு 80%, மெட்டாலிக் 20%" என்பதுபோல எழுதுவதுதான் அந்தச் சேலைக்கு உண்மையான லேபிள். வாங்குகிற பெண்மணி "என்னங்க, பியூர் சில்க் இல்லையா?" என்று கேட்பார். அசல் ஜரிகை இருப்பதால்தான் அது நூறு சதவீதம் ஆகாது என்று நீங்கள் விளக்கலாம். அந்த விளக்கம் சேலையின் மதிப்பைக் கூட்டத்தான் செய்யும்.

அலங்கார இழை மொத்த இழை எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால், "அலங்காரம் நீங்கலாக" என்று சேர்த்து எழுதி மீதியைப் பட்டு என்று சொல்லலாம். மெல்லிய கரை போட்ட சேலைகளுக்கு இது உதவும். சதவீதத்தில் 3 வரை முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் 100% என்று எழுதிவிட்டால் அந்தச் சலுகை இல்லை. அதனால் உத்தேசமாக எழுதாமல், ஒவ்வொரு ரகத்திலும் ஒரு சேலைத் துண்டைத் துணிச் சோதனைக்கூடத்தில் கொடுத்து ஜரிகை இழையைப் பிரித்தெடுத்து எடை போடச் சொல்லுங்கள். ஜரிகையில் எத்தனை வெள்ளி, எத்தனை தங்கம் என்று சொல்லும் சோதனை வேறு, துணியில் எத்தனை ஜரிகை என்று சொல்லும் சோதனை வேறு. இரண்டாவதுதான் லேபிளுக்கு வேண்டும்.

சில்க் மார்க் நல்ல விஷயம், மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாடு, அவசியம் வையுங்கள். அது பட்டு அசல் என்பதற்கு இந்தியச் சான்று. அமெரிக்க லேபிளுக்கு அது மாற்று ஆகாது. காஞ்சிபுரம் பட்டு என்ற புவிசார் குறியீடும் அப்படியே.

லேபிளில் இன்னும் இரண்டு சேர வேண்டும். "மேட் இன் இந்தியா" என்று நாடு, அப்புறம் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர். பெயருக்குப் பதில் ஆர்என் எனப்படும் பதிவு எண் போடலாம். எஃப்டிசி அதை இலவசமாகத் தருகிறது, ஆனால் அமெரிக்காவில் உள்ள தொழிலுக்கு மட்டும்தான், அண்ணன் பெயரில் கிடைக்காது. எல்லாமே ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பராமரிப்பு லேபிள் தனி: டிரை கிளீன் செய்ய வேண்டுமா, தண்ணீரில் அலசலாமா என்பது. மற்றவை வாங்குபவர் கைக்குப் போகும்வரை இருந்தால் போதும், இது மட்டும் உடுப்பு இருக்கும்வரை இருக்க வேண்டும். சேலையில் எங்கே தைப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். கட்டும்போது உள்ளே போய்விடும் முனையில், ஓரமாக, மெல்லிய பட்டை லேபிளாகத் தைக்கச் சொல்லுங்கள். தறியிலிருந்து இறக்கி மடிக்கும்போதே அங்கேயே தைத்துவிடுவது நல்லது. நாடு பெயர் இல்லாமல் சரக்கு துறைமுகத்துக்கு வந்து, குறையைச் சரிசெய்யாமல் விட்டால் 10 சதவீதம் தனி வரி விழும்.

வாட்ஸ்அப்பிலோ இணையதளத்திலோ படம் போட்டு ஆர்டர் எடுக்கும்போதும் இழை விவரத்தையும், இறக்குமதிப் பொருள் என்பதையும் குறிப்பில் சொல்ல வேண்டும். "ஆர்ட் சில்க்" என்று ஊரில் சொல்லும் பாலியஸ்டர், ரேயான் சேலைகளை இனிமேல் சேர்த்தால் அவற்றுக்குப் பட்டு என்ற சொல்லே வரக் கூடாது, பட்டுப்பூச்சி நூலுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். எஃப்டிசி இதைக் காகிதத்தில் மட்டும் வைத்திருக்கிற அலுவலகம் இல்லை. ரேயானை மூங்கில் துணி என்று விற்றதற்காக 2022-இல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் என்ற கடைத்தொடர் 25 லட்சம் டாலரும் கட்ட வேண்டிவந்தது. உங்களைத் தேடி அப்படி வரப்போவதில்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளர் புகார் எழுதினால் படிக்கப்போவது அதே சட்டத்தைத்தான்.

தராசை எடுங்கள்

தீப்பிடிக்கும் தன்மைக்கான சிபிஎஸ்சி விதி 1610 என்ற எண்ணில் இருக்கிறது. பாலியஸ்டர், நைலான், கம்பளி போன்ற சில இழைகளுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் பட்டு இல்லை. பட்டு மெல்ல எரியும், தானே அணையும் என்று ஊரில் சொல்வதை நம்பித்தான் பலர் இதில் சறுக்குகிறார்கள். துணி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு வேகமாக எரியும், இழை எதுவானாலும். மெல்லிய பட்டு ஸ்கார்ஃப்கள் இந்தச் சோதனையில் தோற்றவை என்று ஆணையமே பெயர் சொல்லி எச்சரிக்கிறது.

இன்னொரு விலக்கு எடையை வைத்து. வழவழப்பான, மேலே நூல் எழும்பாத துணி சதுர மீட்டருக்கு 88.2 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் எந்த இழையானாலும் சோதனை வேண்டாம். இப்போது கணக்குப் போடுவோம். 5.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள சேலை 6.6 சதுர மீட்டர். 88.2-ஆல் பெருக்கினால் 582 கிராம். அதற்கு மேல் கனக்கும் பழைய பாணிக் காஞ்சிபுரம் விலக்குக்குள் வர வாய்ப்பு அதிகம். ‘சாஃப்ட் சில்க்’ என்று இப்போது எல்லாரும் கேட்கிற 400, 450 கிராம் சேலை வராது. ரவிக்கைத் துணி சேர்ந்தே இருந்தால் நீளத்தைக் கூட்டிக்கொண்டு கணக்கிடுங்கள்.

இதிலும் ஒரு இடறல் உண்டு. முழுச் சேலையின் எடையில் கரையும் முந்தியும்தான் பாரம், உடல் பகுதி மெல்லியதாக இருக்கும். சேலை 650 கிராம் காட்டினாலும் உடல் மட்டும் 88-க்குக் கீழே போகலாம். ஆகவே உடல் பகுதித் துணியை அளந்து வெட்டி, அதை மட்டும் எடை போட வேண்டும். அண்ணன் வீட்டில் நகைத் தராசு ஒன்று இருந்தால் இன்றைக்கே தோராயமாகப் பார்த்துவிடலாம், 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு 0.88 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

விலக்குக்குள் வராதவை சோதனைக்குப் போகும். துணியை 45 டிகிரி சாய்வில் வைத்து ஒரு விநாடி தீ காட்டி, எத்தனை விநாடியில் எரிந்து முடிகிறது என்று பார்ப்பார்கள். வழவழப்பான துணி 3.5 விநாடிக்குள் எரிந்துவிட்டால் அது உடுப்பாக விற்கவே கூடாது. உங்கள் 50 துப்பட்டாக்கள் எனக்குக் கவலை தருகின்றன, அவை நிச்சயம் 88 கிராமுக்குக் கீழேதான் இருக்கும். ஆகவே முதலில் துணி மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, தேறிய பிறகு 50 நெய்யச் சொல்லுங்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் 300 மெல்லிய ஸ்டோல்களை இறக்கிவிட்டு அப்புறம் சோதனைக்குக் கொடுத்தார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தேறிய சோதனை அறிக்கையை வைத்து நீங்கள் ஒரு இணக்கச் சான்றிதழ் எழுத வேண்டும். 2026 ஜூலை 8 முதல் அந்த விவரங்களைச் சரக்கு நுழையும்போதே மின்வழியில் கஸ்டம்ஸிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி.

பட்டுப் பாவாடைகளை இந்த முறை விட்டுவிடுங்கள்

இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, பட்டுப் பாவாடை கட்டிய குழந்தையைவிட அழகானது நவராத்திரி கொலுவில் வேறென்ன இருக்கிறது. ஆனால் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கான எந்தப் பொருளுக்கும் 2008-இல் வந்த சட்டம் தனிப் பாதை போட்டிருக்கிறது. சோதனையை நீங்களோ அண்ணனோ செய்துகொள்ள முடியாது, ஆணையம் ஏற்றுக்கொண்ட மூன்றாம் தரப்புக் கூடத்தில்தான் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட கூடங்கள் இந்தியாவிலும் இருக்கின்றன, ஆணையத்தின் தளத்தில் பட்டியல் கிடைக்கும். சாயம் போட்ட பட்டுத் துணிக்கு மட்டும் ஈயச் சோதனை வேண்டாம். ஆனால் ஜரிகை, கொக்கி, பொத்தான், மணி, கல் எல்லாவற்றிலும் ஈயம் 100 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது, அதைச் சோதித்துக் காட்ட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கழன்று வாய்க்குள் போகக்கூடிய சிறு பாகம் எதுவும் ஆகாது. எந்த ஊரில், எப்போது, எந்தத் தொகுதியில் செய்தது என்று கண்டுபிடிக்கும்படி நிரந்தர அடையாள லேபிளும் வேண்டும்.

25 பாவாடை, அதில் ஐந்தாறு வகை ஜரிகையும் கொக்கியும் என்றால் சோதனைச் செலவே லாபத்தை விழுங்கிவிடும். பிறகு ஒரே ஜரிகை, ஒரே கொக்கி, மணி குஞ்சம் எதுவுமில்லாத ஒரு மாதிரி, நூறு உருப்படி என்று திட்டமிட்டால் கட்டுப்படியாகும். கழுத்துப் பின்னால் கட்டும் கயிறும் குஞ்சமும் குழந்தைச் சட்டைக்கு வேண்டாம் என்பது சட்டத்தைத் தாண்டி என் சொந்த வேண்டுகோள்.

கஸ்டம்ஸ் தாள்களில் நான்கு இடங்கள்

சரக்கு 2,500 டாலரைத் தாண்டுவதால் முறையான தாக்கல் வேண்டும், அதற்கு, வரி ஒழுங்காகக் கட்டுவீர்கள் என்பதற்கு உறுதியாக ஒரு பிணைப்பத்திரம் வேண்டும். ஒரு தடவைக்கு மட்டும் எடுக்கலாம். வருடத்தில் பல தடவை கொண்டுவருவீர்கள் என்றால் குறைந்தபட்சம் 50,000 டாலர் மதிப்புள்ள தொடர் பிணை எடுக்கலாம். அதற்குக் கட்டுவது முழுத் தொகை இல்லை, பிரீமியம்தான், பயப்படாதீர்கள்.

உற்பத்தியாளர் அடையாளக் குறியீடு என்று ஒரு கட்டம் இருக்கும். துணி உடுப்பில் மட்டும் இதில் கண்டிப்பு அதிகம். அனுப்புகிறவர் பெயரோ தரகர் பெயரோ அங்கே வரக் கூடாது, உண்மையில் செய்த இடம்தான் வர வேண்டும். சேலைக்கு நெய்த இடம், ரவிக்கைக்குத் தைத்த இடம். உங்கள் பெரியப்பா வீட்டுப் பெயர் அமெரிக்கக் கஸ்டம்ஸ் கோப்பில் ஏறும் என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பொருள் எந்த வகை, அதற்கு எந்த வரி என்று தீர்மானிக்கும் வகைப்பாட்டு எண்ணை இந்தியத் தாளிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். முதல் ஆறு இலக்கம்தான் உலகப் பொது, மீதி நாட்டுக்கு நாடு வேறு. தைத்த ரவிக்கை உடுப்பு, அதில் குழப்பமில்லை. தைக்காத சேலை துணியா உடுப்பா என்பது வரியை மாற்றக்கூடிய கேள்வி. கஸ்டம்ஸிடம் கட்டணமில்லாமல் இணையத்திலேயே கட்டுப்படுத்தும் தீர்ப்பு கேட்கலாம். வழக்கமாக ஒரு மாதத்தில் பதில் வரும், வந்துவிட்டால் எந்தத் துறைமுகத்திலும் அதுதான் செல்லும். தீபாவளிக்குச் சரக்கு வேண்டுமென்றால் கோடையிலேயே கேட்டுவிடுங்கள்.

சீனக் கச்சாப் பட்டு பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். காஞ்சிபுரத்தில் நெய்தால் அது இந்தியச் சேலைதான், நூல் எங்கிருந்து வந்தாலும். நெசவு நடந்த நாடுதான் பூர்விகம். ஆனால் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உருவான எந்த மூலப்பொருள் சேர்ந்திருந்தாலும், கட்டாய உழைப்பு இல்லை என்று நீங்கள் நிரூபிக்காதவரை, சரக்கை உள்ளே விடக் கூடாது என்று 2022 ஜூனிலிருந்து சட்டம் அமலில் இருக்கிறது. ஆகவே நூல் வாங்கிய பில், எந்த மாகாணத்து நூல் என்ற விவரம் இரண்டையும் அண்ணன் எடுத்துவைக்க வேண்டும். கிடைத்தால் கர்நாடகாவின் பட்டு நூலிலேயே முதல் சரக்கை நெய்யச் சொல்லுங்கள், ஒரு தலைவலி குறையும்.

இந்தத் தாள்கள் அனைத்தையும் ஐந்து வருடம் பத்திரமாக வைக்க வேண்டும். அண்ணனிடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள், பணம் வங்கி வழியாகவே போகட்டும். ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்த பணத்தை விலையில் சேர்க்காமல் விட்டால் அதுவும் குறைத்துக் காட்டியதாகிவிடும். நீங்கள் இங்கிருந்து டிசைனோ ஜரிகையோ இலவசமாகக் கொடுத்து நெய்யச் சொன்னால் அதைப் புரோக்கரிடம் சொல்லுங்கள், விலையில் சேர்க்க வேண்டியதாக இருக்கலாம்.

அண்ணனிடம் இந்த வாரம் பேசும்போது மூன்று மட்டும் கேளுங்கள்: ஒவ்வொரு ரகத்திலும் உடல் துணியின் எடை, ஜரிகை என்ன ரகம், நூல் பில். விசா விஷயம் தெளிவானதும் முதல் சரக்காக 60 சேலையும் 40 ரவிக்கையும் மட்டும் வரட்டும், ரவிக்கைத் துணியையும் மறக்காமல் எடை பாருங்கள். லேபிள் அச்சடிக்கக் கொடுக்கும் முன்னால் அதன் வாசகத்தை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.